ஏழும் ஒன்றும்

அந்த ஃபேனை ஒரு எண் குறைத்து வைத்தால் கடகட சத்தம் நின்றுவிடும், சார். நாலில் ஓடுகிறது; அதற்கு மூன்றுதான் தாங்கும். பேரிங் தேய்ந்திருக்கிறது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த அறைக்குள் போனாலும் அங்கே எது எந்த அளவில் ஓடுகிறது என்றுதான் என் காது முதலில் பார்க்கும். பத்தொன்பது வருஷப் பழக்கம், இனி எங்கே விடப்போகிறது.

நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். கையை ஓங்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன். மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் வீட்டுக்காரர், ஏழாம் தொட்டிக்குள் இறந்துபோய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். அதை விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதி மூடிவிட்டார்கள். இப்போது அந்த நீல அட்டை நோட்டு உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது. அது என் நோட்டுதான். உள்ளே இருப்பது என் கையெழுத்துதான்.

எங்களுடையது சோப்பு ஆலை. எட்டுக் கலவைத் தொட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு இரும்பு அலகுகள் பக்கத்தில் பக்கத்தில் சுற்றிக் கலவையைப் பிசையும். ஒரு ஆள் இறங்கி நிற்கிற ஆழம். மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்வதற்குத் தொட்டிக்கு ஒரு பெட்டி. டிரைவ் என்போம். அந்த எட்டுப் பெட்டிகளுக்கும் நான்தான் வாத்தியார். ஆலையில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'செட்டிங்' என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கை காட்டுவார். செட்டிங் அண்ணன், செட்டிங் சார். ஒரு தடவை சம்பளச் சீட்டிலேயே அப்படி அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

புதுப் பெட்டி ஒன்று வந்து இறங்கும்போது அதற்கு ஒன்றும் தெரியாது, சார். செய்தவன் ஒரு பொதுவான குணத்தை ஏற்றி அனுப்புவான். அதற்குப் பெயர் ஃபேக்டரி செட்டிங். ஃபேக்டரி என்றால் எங்கள் ஃபேக்டரி இல்லை, பெட்டி பிறந்த ஃபேக்டரி. அந்த நிலையில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே எண்தான்: ஒன்று. எட்டு வாங்கினால் எட்டும் தன்னை ஒன்றாம் எண் என்று நினைத்துக்கொண்டுதான் வரும். நான் ஒவ்வொன்றாகத் திறந்து, நீ இரண்டு, நீ மூன்று என்று சொல்லிக்கொடுத்தேன். தொட்டிகளை ஓட்டுகிற பொத்தான்கள் இருக்கும் பேனல் ரூமிலிருந்து எட்டுக்கும் ஒரே கம்பிதான் போகிறது. "மூன்று, ஓடு" என்று ஆணை வந்தால் எட்டும் கேட்கும், மூன்று மட்டும் ஓடும். தன் எண் என்ன என்று தெரிந்தால்தான் அடுத்தவனுக்கு வந்த ஆணைக்கு ஆடாமல் இருக்க முடியும். மனுஷனுக்கும் அதேதான்.

மெதுவாகத் தொடங்கு, இருபது வினாடி எடுத்துக்கொள் என்பது நான் சொன்னது. பிறந்த குணத்தில் ஐந்து வினாடியில் முழு வேகம் பிடித்துவிடும். தொட்டி மூடி திறந்திருந்தால் யார் சொன்னாலும் ஓடாதே என்பதும் நான் சொன்னது. மூடியில் ஸ்விட்ச் இருக்கிறது, அதிலிருந்து கம்பி பெட்டிக்கு வருகிறது. ஆனால் அந்தக் கம்பி எதற்கு என்று பெட்டிக்கு நான் சொல்லியிருக்காவிட்டால் அது சும்மா தொங்குகிற கம்பி.

இப்படி ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைப்பேன். நாள், எந்தத் தொட்டி, முன்பு என்ன, பின்பு என்ன, காரணம் என்ன. ஐந்து கட்டம். எழுதாமல் எதையும் தொட்டதில்லை. அதைத்தான் நீங்கள் நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறீர்கள். எழுதியவன் எப்படி மறைப்பான் என்று யோசிக்கிறீர்கள். நான் எதையும் மறைக்கவில்லையே.

மாப்பிள்ளை பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா அம்மா ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. பாப்பா என்றால் என் தங்கை. இப்போது முப்பத்தி நாலு வயதாகிறது, இன்னமும் பாப்பாதான். தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, எல்லாம் நான். எனக்கென்று ஒரு கல்யாணம் நடக்கவில்லை. நேரம் இல்லை என்று சொல்லுவேன், அது உண்மைதான். ஆலைக்குப் புதிதாக ஒரு ஃபிட்டர் வந்தார். சுறுசுறுப்பு, சிரித்த முகம், எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார். மூன்று வருஷம் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் தங்கையைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை.

என்னிடம் இருந்த வித்தை எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிட்டுப் பிட்டு வைத்தேன் என்றே சொல்லலாம். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் மச்சானும் மாப்பிள்ளையும் பேசுவது தொட்டியைப் பற்றித்தான். பாப்பா கரண்டியை மேஜையில் தட்டி, "உங்க ரெண்டு பேருக்கும் சோப்பையே தட்டுல வைக்கிறேன், அதத் தின்னுங்க" என்பாள்.

போன வருஷம் மாப்பிள்ளைதான் சொன்னார். "மச்சான், உங்க நோட்டு எண்ணெய் பட்டு ஊறிப்போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் போனா ஒரு எழுத்தும் நிக்காது. பாப்பாவ விட்டு அழகா ஒரு காப்பி எழுதச் சொல்றேன்" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. பாப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினாள். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன், அவள் சந்தேகம் கேட்பாள்.

"அண்ணா, இது ஏழா, ஒண்ணா?"

"ஏழு."

"அப்ப இது?"

"அது ஒண்ணு."

"ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கு. கோழி கிண்டின மாதிரி எழுதி வச்சிருக்க. இத உன்னையும் என்னையும் தவிர யாராலயும் படிக்க முடியாது."

உண்மைதான். என் ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தலையில் இருக்கிற ஒரு சின்ன வளைவுதான். எங்கள் அப்பாவின் ஏழும் அப்படித்தான் இருக்கும். காப்பியில் அவள் எல்லா ஏழுக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்டாள், குழம்பக்கூடாது என்று. அந்த இரண்டு மாதம்தான், சார், அவள் கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு அதிகம் உட்கார்ந்து பேசியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் மதியம் கேண்டீனில் எல்லோரையும் கூட்டினார்கள். மேனேஜர் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அச்சடித்து, தைத்து, பளபளவென்று அட்டை போட்டது. கலவைத் தொட்டிகளின் இயக்கக் கையேடு. அட்டையில் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது. உள்ளே பார்த்தேன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் நோட்டு. நான் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருந்தேனோ அதே வார்த்தைகள். எங்காவது ஒரு மூலையில் நன்றி என்று என் பெயர் இருக்குமோ என்று இரண்டு தடவை புரட்டினேன். மாப்பிள்ளையைத் தலைமைப் பொறுப்பில் போடுவதாக அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "அப்ப இவ்வளவு நாளா நம்ம செட்டிங் என்னதான் பண்ணிக்கிட்டிருந்தாரு?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். பதில் சொன்னது மாப்பிள்ளை.

"மச்சான் மனசுக்குத் தோணுனதத் திருகி வச்சிருந்தாரு சார். நான் வந்துதான் ஒழுங்குபடுத்துனேன்."

கேண்டீன் முழுக்கச் சிரித்தது. திருகி வச்சிருந்தாரு. அந்த வார்த்தை என் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்த எனக்கு ஒரு பொத்தானும் கிடைக்கவில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று சொல்வார்கள். பாய்ந்தால்கூடப் பரவாயில்லை, சார். இவன் முட்டிவிட்டு, நானாகவே விழுந்தேன் என்று ஊருக்குச் சொன்னான்.

இவன் என்று சொல்லிவிட்டேன். மன்னியுங்கள். தங்கை வீட்டுக்காரரை நான் அப்படிச் சொன்னதே இல்லை.

ஒரு வாரத்தில் என்னை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. பெட்டிகளுக்கெல்லாம் புதுக் கடவுச்சொல் போட்டார்கள். நான் பேச்சுச் சொல்லிக் கொடுத்த பெட்டிகள் என்னிடமே வாய் திறக்காது. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து என் தோளில் கை போட்டு, "நாலு பேர் முன்னால அப்படித்தான் பேச வேண்டியிருக்கு மச்சான், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பாப்பா பின்னாலேயே நின்றாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அந்த இரண்டு மாதமும் எதிரில் உட்கார்ந்து எழுதியவள் அவள்தானே. "கோவிச்சுக்காத அண்ணா. யார் பேர்ல வந்தா என்ன, நம்ம வீட்டுக்குத்தான வந்துச்சு" என்றாள். அவள் கள்ளமில்லாமல் சொன்னாள்.  சரிம்மா என்று சொல்லித்தான் இரண்டு பேரையும் அனுப்பிவைத்தேன்.

நான் கோபக்காரன் இல்லை. நான்கு மாதம் யோசித்தேன். யோசித்து ஒரு நியாயத்துக்கு வந்தேன். அந்தப் பெட்டிகளில் இருந்தது என்னுடையது. என்னுடையதை நான் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் மிச்சம் இருப்பது பெட்டி செய்தவன் கொடுத்தது, அது ஆலையுடையது, அதை நான் தொடப்போவதில்லை. ஒழுங்குபடுத்தியவர் அவர்தானே, மறுபடி ஒழுங்குபடுத்தட்டும். எட்டையும் எடுக்க வேண்டாம், ஒன்று போதும் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு நான் நிதானமாகத்தான் இருந்தேன்.

கடவுச்சொல் பற்றிக் கேட்கிறீர்கள். பிறந்த நிலைக்குக் கொண்டுபோகக் கடவுச்சொல் வேண்டாம், சார். பெட்டியை அணைத்து, இரண்டு பொத்தான்களை அழுத்திப் பிடித்துக்கொண்டே திரும்பப் போட வேண்டும். மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். கடவுச்சொல்லையும் சேர்த்தே மறந்துவிடும். காலை பத்து மணி டீ இடைவேளையில் எல்லோரும் கேண்டீனில் இருந்தார்கள். ஏழாம் தொட்டி அப்போது காலியாக, நின்றிருந்தது. பத்து எண்ணினேன். திரையில் எல்லாம் அணைந்து, புதிதாக வந்த அன்று காட்டிய அதே எழுத்துகளைக் காட்டியது. எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. பிறகு சட்டைக்குள் இருந்த நோட்டை எடுத்து எழுதினேன். நாள், தொட்டி ஏழு, முன்பு ஏழு, பின்பு ஒன்று. காரணம் என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன். கேண்டீனிலிருந்து ஆட்கள் திரும்புகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது சாதாரணமானதுதான். பேனல் ரூமில் இருக்கும் அம்மா, பேனல்காரம்மா என்போம், திரையில் ஏழு பதில் சொல்லவில்லை என்று பார்த்தார். ஏழு என்று கூப்பிட்டால் இனி யார் பதில் சொல்வார்கள்? அது தன்னை ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையை அழைத்தார்கள். அவர் கையேட்டைக் கொண்டுவந்து விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். திரையில் ஏழு சாம்பல் நிறத்தில் கிடந்தது. அடியில் மிஞ்சிய கலவை கெட்டிப்பட்டு அலகு இறுகி, அதனால் பெட்டி செத்துவிட்டதோ என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார்.

பெட்டியைத் திறந்து அதன் எண்ணைப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவர் திரையைப் பார்த்தார். திரையில் செத்தது நிஜத்திலும் செத்தது என்று எங்கள் ஆலையில் எல்லோரும் நம்புவார்கள். அப்படி நம்ப வைத்தது நான்தான், பத்தொன்பது வருஷம் திரை ஒரு பொய் சொல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

பூட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன்.

தொட்டிக்குள் இறங்குகிற ஆள், அந்தத் தொட்டியின் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் ஒரு சிவப்புப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அது விதி. மூடி திறந்தால் ஓடாது என்ற என் செட்டிங் ஒரு நாளும் தவறாததால் பாதிப் பேருக்குப் பூட்டுப் போடும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மாப்பிள்ளை அதில் ஒழுங்கானவர், எப்போதும் கேட்டு வாங்குவார். பூட்டு இருப்பது ஸ்டோரில். அன்றைக்கும் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார்.

"மச்சான், ஒரு பூட்டு குடுங்க. ஏழுல இறங்கணும்."

மேஜை இழுப்பறையில் ஆறு பூட்டும் இருந்தன. நான் சொன்னேன், "பூட்டெல்லாம் பாய்லர் பக்கம் போயிருக்கு மாப்பிள்ளை. ஏழுதான் ஸ்கிரீன்லயே செத்துக் கிடக்கே. செத்ததுக்கு எதுக்குப் பூட்டு?"

அவர் ஒரு நொடி யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே போனார். நான் சொன்னால் அவர் அப்போதும் கேட்பார், சார். அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் டார்ச் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தனியாக ஒருவர் தொட்டிக்குள் இறங்கக்கூடாது, மேலே ஒரு ஆள் நிற்க வேண்டும், அதுவும் விதி. அவர் உள்ளே இறங்கினார். நான் மேலே நின்று வெளிச்சம் காட்டினேன். அலகைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பேசினார். "கெட்டியாவும் இல்ல. என்னன்னே புரியல மச்சான். புத்தகத்துல இருக்கற எல்லாத்தையும் பாத்துட்டேன். உங்க காதுக்குத்தான் இது தெரியும். நீங்க திரும்பி இங்கயே வந்துடுங்க. நான் மேனேஜர்கிட்ட பேசறேன்."

பேசறேன் என்றார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக. அதுவும் தொட்டிக்குள் நின்றுகொண்டு, வேறு யாருக்கும் கேட்காத குரலில். கேண்டீனில் நூற்றைம்பது பேர் முன்னால் சொன்னதைக் குழிக்குள் நின்று திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?

அப்போது பேனல்காரம்மா குரல் கொடுத்தார். பேனல் ரூமுக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் சுவர். அவருக்குத் தொட்டி தெரியாது. அதனால் எந்தத் தொட்டியை ஓட்டுவதற்கு முன்னாலும் ஒரு குரல் கொடுக்க வேண்டும், தொட்டிப் பக்கம் நிற்கிற ஆள் பதில் குரல் கொடுத்தால்தான் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதும் நான்தான். எதிர்க்குரல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

"அண்ணே, ஒண்ண ஓட்டலாமா?"

மாப்பிள்ளைக்கும் கேட்டது. தலையைத் தூக்காமலே, "ஒண்ணுதான, ஓட்டச் சொல்லுங்க மச்சான். ஆறு மணிக்குள்ள முடிக்கணும்" என்றார். இதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சொன்னார். ஒன்றை ஓட்டலாம் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

நான் ஐந்து வினாடி சும்மா இருந்தேன். பேனல்காரம்மா மறுபடி, "அண்ணே?" என்றார்.

"ஓட்டு" என்றேன்.

முதல் அழுத்தலில் ஒன்றாம் தொட்டி சிணுங்கிவிட்டு நின்றது. ஒரே கம்பியில் ஒரே எண்ணுக்கு இரண்டு பெட்டி சேர்ந்து பதில் சொன்னால் அப்படி ஆகும். அந்த நேரத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. பேனல்காரம்மா இரண்டாவது தடவை அழுத்தினார். மிச்சத்தை நீங்கள் ஃபோட்டோவில் பார்த்திருப்பீர்கள். டார்ச்சை நான் கடைசிவரை அணைக்கவில்லை.

பேனல்காரம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். அவரிடம் சொல்லுங்கள், விதிப்படிதான் செய்தார் என்று.

வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். மின்சாரம் ஏறி இறங்கியதில் பெட்டி நினைவிழந்து பிறந்த நிலைக்குப் போய்விட்டது என்று எழுதினார்கள். நடக்கக்கூடியதுதான். மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அழுதார். அடுத்த வாரம் என்னைப் பழைய இடத்திலேயே போட்டார்கள். ஏழுக்கு மறுபடி ஏழு என்று எண் கொடுத்தேன். பாப்பாவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளுடைய பழைய அறை, பழைய கட்டில். காலையில் நான் எழுந்தால் அவள் அடுப்படியில் நிற்பாள். சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது போல இருந்தது.

ஆனால் அவள் சாப்பிடவில்லை. கையேட்டையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் கேட்டாள்.

"அண்ணா, ஏழு எப்படி ஒண்ணாச்சு? நான்தான் காப்பி எழுதறப்ப ஏழையும் ஒண்ணையும் மாத்தி எழுதிட்டேனா? அதப் பாத்துதான் அவர் ஏதாவது மாத்தி வச்சாரா? நான்தான் அவரக் கொன்னுட்டேனா?"

சார், அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? இல்லை என்றால் பிறகு யார் என்று கேட்பாள். அவளுக்கு ஏதோ ஒரு பதில் தேவைப்பட்டது, அது அவளாகவே கண்டுபிடித்த பதில். நான் அவள் தலையில் கை வைத்து, "இருக்கலாம் பாப்பா. தெரியாம செஞ்சதுதான. யாரும் உன்னக் குத்தம் சொல்ல மாட்டாங்க. நான் இருக்கேன்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் அழக்கூட இல்லை. சரி என்று தலையாட்டினாள். பிறகு பதினெட்டு நாள் அவள் படுத்த படுக்கைதான். நான் ஊட்டிவிட்டேன். சின்ன வயதில் காய்ச்சலுக்கு ஊட்டியது போலவே.

பத்தொன்பதாம் நாள் நான் வேலைக்குப் போன பிறகு எழுந்து, அலமாரியில் இருந்த என் நோட்டை எடுத்திருக்கிறாள். தான் எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று பார்க்கத்தான். வரி வரியாகக் கையேட்டோடு ஒப்பிட்டிருக்கிறாள். ஒரு தப்பும் இல்லை, அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். கடைசிப் பக்கம் வரை வந்திருக்கிறாள்.

நீங்கள் அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். முன்பு, பின்பு. உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். ஏழு, ஏழு என்று படிக்கலாம். சரிபார்த்தேன், எதையும் மாற்றவில்லை என்று ஆகிவிடும். உலகத்தில் யார் பார்த்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். என் ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரிந்த ஆள் ஒருத்திதான். அவள் இங்கே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ஆமாம், மாப்பிள்ளையை நான்தான் கொன்றேன். காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்கிறீர்கள். பேனாவைக் கொடுங்கள், எழுதிவிடுகிறேன். எதையும் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

மாப்பிள்ளை செய்ததுகூட எனக்கு ஆறிப்போய்விட்டது, சார். எப்படியானாலும் அவர் வெளியிலிருந்து வந்தவர். ஆனால் இவள் என் கையில் வளர்ந்தவள். ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல், நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, நோட்டை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். எனக்காக ஒன்றே ஒன்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்?